"பம்ப் போச்சு சார்!"

நம் ஊரில் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மெக்கானிக் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை இதுதான். கனோபிக் கதவைத் திறந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மல்டிமீட்டர் பையை விட்டு வெளியே வந்திருக்காது. "எலக்ட்ரிக் பம்ப் போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்பார். முகூர்த்த நேரம் நெருங்குகிற மண்டபக்காரர் என்ன செய்வார்? பணத்தை எடுத்து நீட்டுவார்.

இந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். சோதித்துப் பார்க்காமல் பம்பைக் குற்றவாளி ஆக்குவது ரிப்பேர் அல்ல, வெறும் யூகம். அந்த யூகத்துக்கு நாம் கூலியும் கொடுத்து, பொருளுக்கு விலையும் கொடுக்கிறோம்.

2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். காந்தி ரோடு பட்டுக்கடை முதல் பிள்ளையார்பாளையம் முறுக்குப் பட்டறை வரை, வசதி உள்ளவர்கள் எல்லாரும் ஜெனரேட்டர் வாங்கிய காலம் அது. தினமும் ஓடிய இயந்திரங்கள் அவை. இன்று கரண்ட் ஓரளவு ஒழுங்காக வருகிறது. ஜெனரேட்டர் மூலையில் தூங்குகிறது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தபோதுதான் பல பேருக்கு அதன் ஞாபகமே வந்தது.

தூங்குகிற ஜெனரேட்டருக்குத்தான் வியாதி வரும். பாதி காலியாகக் கிடக்கும் டேங்கில் காற்றின் ஈரம் தண்ணீராகி அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளி மாதிரிப் படியும். அது ஃபில்டரை அடைக்கும். ரப்பர் ஹோஸ் வெடிக்கும். எர்த் வயர் முனையில் பச்சை பூக்கும். பேட்டரி சோர்ந்து போகும். இத்தனையும் சேர்ந்து செய்த குற்றத்துக்குப் பழி ஏற்பது அந்தச் சின்னப் பம்ப்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'பம்ப்' என்று நாம் சொல்வது மூன்று வேறு பொருள்களை. டீசலை அதிக அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குத் தள்ளுவது இன்ஜெக்ஷன் பம்ப். பழைய இன்ஜின்களில் கையால் அமுக்கி ஏர் எடுக்கிறோமே, அது மெக்கானிக்கல் ஃபீட் பம்ப். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்க 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடுவதுதான் எலக்ட்ரிக் பம்ப். உங்கள் இயந்திரத்தில் எது இருக்கிறது, எது கெட்டது என்று மெக்கானிக்கிடம் தெளிவாகக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி யூகம் கழன்றுவிடும்.

எலக்ட்ரிக் பம்பைச் சோதிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். சாவியைப் போட்டுக் காது கொடுங்கள். சில செட்களில் பம்ப் சில விநாடி மட்டும் ஓடி நிற்கும், ஆகவே கவனமாகக் கேட்க வேண்டும். சத்தமே இல்லையா? ஃபியூஸ், பிறகு ரிலே. அடுத்து பம்பின் கனெக்டரில் மீட்டர் வைக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் போதாது. அரித்துப் போன வயர்கூட லோடு இல்லாதபோது 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். மாட்டிய நிலையிலேயே அளக்க வேண்டும். அப்போது 9-க்கு இறங்கினால் கோளாறு வயரிலோ எர்த்திலோ பேட்டரியிலோ இருக்கிறது. பேட்டரியில் இருக்கும் அதே வோல்ட் பம்புக்கும் முழுசாக வந்து, அப்போதும் பம்ப் அசையவில்லை என்றால்தான் அது போய்விட்டது என்று சொல்ல நியாயம் உண்டு.

சத்தம் வருகிறது, டீசல் வரவில்லை என்றால் கதை வேறு. டேங்க் மூடியைத் திறந்துவிட்டுப் பாருங்கள். காற்றுத் துளை அடைத்திருக்கலாம். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை வடித்துப் பாருங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். பம்புக்கு முன்னால் இருக்கும் ஹோஸ் கிளிப் லூசாக இருந்தால் வெளியே டீசல் சொட்டாது, உள்ளே காற்று போகும். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சுத்தமான டீசல் உள்ள தனி கேனிலிருந்து பம்புக்கு நேரே ஒரு ஹோஸ் கொடுத்துப் பாருங்கள். இன்ஜின் நன்றாக ஓடினால் பம்ப் நிரபராதி, டேங்க் பக்கம்தான் திருடன். ஒரு எச்சரிக்கை: காமன் ரயில் வகை இன்ஜினில் உயர் அழுத்தக் குழாயை மட்டும் ஓடும்போது தளர்த்தாதீர்கள், அந்தப் பீச்சல் தோலைத் துளைக்கும்.

"புது பம்ப் போட்டதும் ஓடிச்சே சார்" என்பார்கள். ஓடும். கழற்றி மாட்டும்போது கனெக்டர் சுத்தமானது, ஏர் வெளியேறியது. அடைப்போ காற்றுக் கசிவோ அப்படியே இருக்கிறது. இவ்வகைப் பம்புகளில் பலவற்றுக்கு, ஓடுகிற டீசல்தான் குளிர்ச்சியும் மசகும். டீசல் வராமல் வெறுமனே சுழன்றால் புதுசும் தேயும். சில மாதத்தில் இன்னொரு பம்ப், இன்னொரு பில்.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டினால் நியாயமாகாது. ஒரு மணி நேரம் வேர்த்து வழியத் தேடி, லூசான ஒரு எர்த் நட்டை முடுக்கிச் சரிசெய்தவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? "ஒரு நட்டுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறோம். பாகம் மாற்றினால் மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். அறிவுக்குக் கூலி தராதவன் பாகத்துக்கு இரட்டிப்பாகக் கொடுப்பான். இதைக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

இதில் பணம் மட்டும் இல்லை. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13-வது மாடியில் பத்திரமாக இருந்தன. ஆனால் டீசலை மேலே ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்து வெள்ளத்தில் மூழ்கின. ஊழியர்களும் படைவீரர்களும் டீசலைக் கைமாற்றிக் கைமாற்றிப் படிவழியே சுமந்தார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. நம் ஊரிலும் நர்ஸிங் ஹோம்கள் இருக்கின்றன, லிஃப்டை நம்பி வாழும் என் போன்ற கிழவர்களும் இருக்கிறோம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒரு ஸ்பேர் பம்ப் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். காரணம் தேடாமல் அதை மாட்டுவதுதான் தவறு.

ஆகவே மண்டபக்காரர்களே, கடைக்காரர்களே, அபார்ட்மென்ட் செயலாளர்களே! மாதம் ஒருமுறையாவது ஜெனரேட்டரை லோடு கொடுத்து அரை மணி ஓட்டுங்கள். டேங்கை நிரப்பி வையுங்கள், அடித்தண்ணீரை வடியுங்கள். பம்ப் போச்சு என்று யாராவது சொன்னால், "எத்தனை வோல்ட் வந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்பவருக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். பதில் இல்லாதவரிடம் பம்பை ஒப்படைக்காதீர்கள்.