காயிலை மாற்றுமுன் காரணத்தைத் தேடுவோம்

கொல்கத்தா பவானிபூரில், எல்ஜின் சாலையிலுள்ள நேதாஜி பவனில் ஒரு பழைய கார் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அது ஜெர்மனியில் உருவான 'வாண்டரர்' கார். 1941 ஜனவரியில் ஆங்கிலேய அரசின் கண்காணிப்பைக் கடந்து நேதாஜி தம் இல்லத்தைவிட்டு வெளியேறியது இதில்தான். அண்ணன் மகன் சிசிர்குமார் போஸ் இரவு முழுதும் ஓட்டினார். பகலில் தன்பாத் அருகே தங்கி, அன்றிரவே கோமோ நிலையத்தில் நேதாஜி ரயிலேறினார். வழியில் இயந்திரம் நின்றிருந்தால் வரலாறே வேறாகியிருக்கலாம். புதுப்பிக்கப்பட்ட அக்காரை 2017 ஜனவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி திறந்து வைத்தார்.

எல்லாப் பழைய கார்களுக்கும் இப்பேறு கிட்டுவதில்லை. தந்தையோ பாட்டனாரோ வாங்கிய அம்பாசடரையும் பியட்டையும் பேணுவோர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. காலையில் ஒழுங்காகக் கிளம்பிய வண்டி, அரை மணி ஓடியதும் நின்றுவிடும். இக்னிஷன் காயில் தொடமுடியாதபடி சுடும். ஆறியபின் வண்டி மீண்டும் ஓடும். உடனே புதிய காயில் வாங்குகிறோம். சில வாரங்களில் அதுவும் சுடுகிறது.

பல வேளைகளில் குற்றம் காயிலுடையதன்று, பொருத்தத்தினுடையது. 12 வோல்ட் மின்சுற்றில், பாயின்ட் மூடியிருக்கும்போது, 3 ஓம் காயில் 4 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். 1.5 ஓம் காயிலோ, பேலஸ்ட் ரெசிஸ்டர் எனும் மின்தடையுடன் இணைத்துப் பயன்படுத்துவதற்கென்றே செய்யப்பட்டது. அத்தடையின்றிப் பொருத்தினால் 8 ஆம்பியர் பாயும். 48 வாட்டாக இருக்க வேண்டிய வெப்பம் 96 வாட்டாகும். இயந்திரம் ஓடாதபோது சாவியைத் திறந்தே வைப்பதும், ரெகுலேட்டர் பழுதால் மின்னழுத்தம் மிகுவதும் காயிலைச் சுடவைக்கும். வண்டி நின்றதும் பிளக்கில் பொறி வருகிறதா எனப் பார்த்தல் வேண்டும். பொறி நன்றாக வந்தால் காயிலை விடுத்து, பெட்ரோல் வழியை ஆராய்வதே முறை. காயிலின் இணைப்புகளைக் கழற்றி மல்டிமீட்டரால் ஓம் அளவைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஆயினும் அந்த ஐந்து நிமிடத்திற்குக் கூலி கொடுக்க நாம் தயங்குகிறோம். உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்டபடி கொடுத்துவிட்டு, பழுதைக் கண்டறிந்த மெக்கானிக்கிடம் பேரம் பேசுகிறோம். அதனால் அவரும் அளந்து பார்ப்பதைக் கைவிட்டு, பாகத்தை மாற்றுவதையே தொழிலாகக் கொள்கிறார். கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. பாயின்ட்டும் காயிலும் அறிந்த கைகள் ஆண்டுதோறும் குறைகின்றன. அவ்வறிவுக்கு உரிய ஊதியம் இல்லையெனில், அதை இளையோர் கற்க முன்வரார். கண்டறியப்படாத சிறு பழுதுக்காக நல்ல வண்டிகள் காயலான் கடைக்குச் செல்லும்.

வரவு செலவில் ஒரு தொகை திரும்பத் திரும்பக் கசிந்தால், காரணத்தைத் தேடாமல் பணத்தை மட்டும் இட்டு நிரப்புவோமா? வண்டிக்கும் அதே நெறி பொருந்தும். அடுத்த முறை காயில் சுடும்போது, "புதியது என்ன விலை?" என்பதற்கு முன் "ஏன் சுடுகிறது?" என்று கேட்போம். அதற்கு விடை கண்டவருக்கு மனமுவந்து கூலி கொடுப்போம். அது செலவன்று, சேமிப்பு.