கியூபாவின் நெருக்கடி: தடை மட்டும்தான் காரணமா?

கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடையை விலக்கக் கோரும் தீர்மானம், ஐ.நா. பொதுச் சபையில் 2025 அக்டோபரில் மீண்டும் நிறைவேறியது. ஆதரவாக 165 நாடுகளும் எதிராக 7 நாடுகளும் வாக்களித்தன. 12 நாடுகள் நடுநிலை வகித்தன. முந்தைய ஆண்டில் ஆதரவு 187 ஆகவும் எதிர்ப்பு 2 ஆகவும் இருந்தது. இந்தியா இத்தீர்மானத்தைத் தொடர்ந்து ஆதரித்து வருகிறது.

கியூபாவில் சோஷலிசம் தானாகத் தோற்றதா, தோற்கடிக்கப்பட்டதா என்ற விவாதம் இதனால் மீண்டும் எழுந்துள்ளது.

தடையின் கடுமை மறுக்க இயலாதது. 1962-இல் அதிபர் கென்னடி விதித்த முழுத் தடை, 1996-இல் சட்டமாகவே உறுதி செய்யப்பட்டது. நாடாளுமன்றம் இசையாமல் எந்த அதிபராலும் அதை முழுமையாக நீக்க முடியாது. வணிகத்துக்காகக் கியூபத் துறைமுகம் சென்ற கப்பல், 180 நாள்களுக்கு அமெரிக்கத் துறைமுகங்களில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ பொதுவாக அனுமதியில்லை. இந்நிலையிலும் இலவசக் கல்வி, மருத்துவத்தைக் கியூபா கட்டிக்காத்தது. கரோனாவுக்குச் சொந்தமாகத் தடுப்பூசிகளையும் உருவாக்கியது.

ஆனால், மறுபக்கமும் உண்டு. சர்க்கரையைக் கூடுதல் விலைக்கு வாங்கி எண்ணெய் வழங்கிய சோவியத் ஒன்றியம் 1991-இல் சிதறியபோது, கியூபப் பொருளாதாரம் சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. 1990 வாக்கில் 80 லட்சம் டன்னாக இருந்த சர்க்கரை உற்பத்தி, 2023-இல் 4 லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. எரிபொருள், உரம், உதிரி பாகங்கள் கிடைக்காததில் தடைக்குப் பங்குண்டு. எனினும், சிறு, நடுத்தரத் தனியார் நிறுவனங்களை 2021 வரை அனுமதிக்காதது ஹவானாவின் சொந்த முடிவு. அதே ஆண்டு நாணயச் சீரமைப்பு பணவீக்கத்தில் முடிந்தது.

இங்கு வியட்நாமின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அமெரிக்கத் தடை 1994-இல்தான் விலகியது. ஆனால், 'தோய் மோய்' சீர்திருத்தத்தை அந்நாடு 1986-இலேயே தொடங்கியது. கூட்டுப்பண்ணை முறை தளர்ந்து, சாகுபடிப் பொறுப்பு உழவர் குடும்பங்களிடம் வந்தது. பஞ்சத்தின் விளிம்பில் இருந்த நாடு 1989-இல் அரிசி ஏற்றுமதியில் இறங்கியது. கம்யூனிஸ்ட் கட்சியே இன்றும் ஆட்சியில் உள்ளது. அது இன்னும் சோஷலிசம்தானா என்ற கேள்வியும் தொடர்கிறது.

அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 150 கி.மீ. தொலைவில், சட்டத்தால் இறுகிய தடையின்கீழ் இருக்கும் கியூபாவை வியட்நாமுடன் அப்படியே ஒப்பிட முடியாது. ஆயினும், வெளிப்பகை வழிகளைச் சுருக்குமே தவிர, எல்லா வழிகளையும் அடைத்துவிடுவதில்லை என்பது தெளிவு. தடை நீடிக்கும்வரை, உள்நாட்டுத் தவறுகளுக்கும் ஹவானா அதையே காரணம் காட்ட முடியும்.

இதற்கான விலையைக் கொடுப்பவர்கள் மக்களே. 2021 ஜூலையில் அவர்கள் வீதிக்கு வந்து போராடினர். 2024 அக்டோபரில் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. 1.1 கோடியைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, அந்த ஆண்டின் முடிவில் ஒரு கோடிக்கும் கீழே இறங்கியதாக அரசுக் கணக்கே தெரிவிக்கிறது. இளைஞர்கள் வெளியேறுவது இதற்கு முக்கியக் காரணம். வாஷிங்டன் தடையைத் தளர்த்துமா என்பதுடன், ஹவானா தன் கையில் உள்ள சீர்திருத்தங்களை விரைவுபடுத்துமா என்பதையும் பொறுத்தே அவர்களது முடிவு அமையும்.