ஒரே பக்கம் சாயாதீர்கள்



போடிநாயக்கனூரில் வாழ்கின்ற நமக்குக் கடல் வெகு தொலைவு. கதவைத் திறந்தால் நம் கண்முன் நிற்பது ஏலமலைதான். ஆயினும், குடும்பத்தோடு படகேறிப் பார்க்கத்தக்க நீர்ப்பரப்பு ஒன்று நமக்கு அருகிலேயே உண்டு. மலைகளுக்கு இடையே கை கையாக நீண்டு, கடலோரத்து வளைகுடாவைப் போல வளைந்து கிடக்கும் தேக்கடி ஏரியைத்தான் சொல்கின்றேன். விடியற்காலையில் புறப்பட்டால் படகுப் பயணத்தை முடித்துக்கொண்டு மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். அரை நாள் போதும்.

ஆண்டுத் தேர்வுகள் முடிந்ததும் நம் பாடற்குழுப் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சாமி, திருவிழாவுக்குத் திருவிழா தொண்டை வற்றப் பாடுகிறோமே, எங்களை எங்காவது கூட்டிப்போகக் கூடாதா?" என்பது அவர்களுடைய முறையீடு. நியாயமான முறையீடுதான். பிள்ளைகளும் பெற்றோர் சிலருமாக நாங்கள் 28 பேர், இரண்டு வேன்களில், ஒரு சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்த கையோடு புறப்பட்டோம்.

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களையும் திராட்சைப் பந்தல்களையும் கடந்து லோயர் கேம்ப் சேர்ந்தபோது, மலைச்சரிவில் மேலிருந்து கீழே இறங்கும் பெரிய நீர்க்குழாய்களைப் பிள்ளைகள் சுட்டிக்காட்டினார்கள். அங்கே, 2013ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் திறக்கப்பட்ட பென்னிகுக் மணிமண்டபத்தின் முன் வேன்களைச் சற்றே நிறுத்தச் செய்தேன். எந்த நீரைக் காணப் போகிறோமோ, அந்த நீரின் வரலாற்றை அறியாமல் படகேறுவது முறையன்று என்று எனக்குத் தோன்றியது.

மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றின் நீரை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட வேண்டும் என்பதே அன்றைய பெருந்திட்டம். 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887இல் வேலை தொடங்கியது. ஜான் பென்னிகுக் என்னும் பொறியாளரின் தலைமையில், கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுப்பப்பட்ட அணை 1895ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. காய்ச்சலுக்கும் கொள்ளைநோய்க்கும் காட்டாற்று வெள்ளத்துக்கும் அங்கே பலியான கூலித்தொழிலாளர்கள் பலர். அவர்களுடைய உழைப்பினால்தான் இன்று தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்து மக்கள் பயன் பெறுகின்றனர். இதையெல்லாம் பிள்ளைகள் பொறுமையோடு கேட்டார்கள். அவர்களுடைய கண்களோ குமுளி மலைப்பாதையின் மீதே இருந்தன.

குமுளியில் வேன்களை நிறுத்திவிட்டு, வனத்துறையின் பேருந்தில் ஏறிப் படகுத்துறையை அடைந்தோம். அங்கே வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஓர் உயிர்காப்புச் சட்டை கொடுத்தார்கள். அதை அணிந்து கொக்கியை மாட்டியவர்களை மட்டுமே, ஒவ்வொருவராக எண்ணிப் படகில் ஏற்றினார்கள். இருக்கைகள் நிரம்பியதும் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள்.

நம்முடன் வந்த குடும்பத் தலைவர் ஒருவருக்கு அந்தச் சட்டை பிடிக்கவில்லை. "நான் கிணற்றில் நீந்தி வளர்ந்தவன். எனக்கு எதற்கு இந்தக் குழந்தை வேடம்?" என்று அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். துறையிலிருந்த பணியாளர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஐயா, நீங்கள் நீந்துவீர்கள். பயந்துபோன இரண்டு பேர் உங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டால் அப்போதும் நீந்துவீர்களா?" என்று அமைதியாகக் கேட்டார். நண்பர் மறுமொழி கூறாமல் சட்டையை அணிந்துகொண்டார்.

படகு புறப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். நீரின் நடுவே, இலையின்றிக் கிளையின்றிக் கருத்துப்போன மரங்கள் ஆங்காங்கே நின்றன. "இவை ஏன் சாமி நீருக்குள் நிற்கின்றன?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அணை கட்டி நீரைத் தேக்கியபோது மூழ்கிப்போன காட்டின் எஞ்சிய மரங்கள் அவை. நூற்றுமுப்பது ஆண்டுகளாகத் தண்ணீரில் நிற்கின்றன. பட்டுப்போன அந்த மரங்களின் உச்சியில் நீர்க்காகங்கள் அமர்ந்து சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. கரையின் புல்வெளியில் காட்டெருமைகள் மேய்ந்தன. காட்டுப் பன்றிகள் குட்டிகளோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. ஏலத்தோட்டத்தில் பன்றியைக் கண்டால் விரட்டும் நம் மக்கள், இங்கே அதைக் கண்டு கை தட்டி மகிழ்ந்தார்கள்!

ஏரியின் ஒரு திருப்பத்தில், இடப்பக்கத்துக் கரையில், யானைக் கூட்டம் ஒன்று நீர் அருந்த இறங்கி வந்தது. இரண்டு குட்டிகளும் உடன் இருந்தன. "யானை! யானை!" என்ற கூக்குரல் எழுந்ததுதான் தாமதம், வலப்பக்கத்தில் இருந்தோர் அனைவரும் எழுந்து இடப்பக்கம் பாய்ந்தார்கள். உண்மையை மறைப்பானேன்? நானும் எழுந்துவிட்டேன். படகு இடப்பக்கமாகச் சாய்ந்தது. சாய்வு சிறிதுதான். ஆனால் காலடியில் பலகை நழுவுவதைப் போன்ற அந்த உணர்வு நெஞ்சைச் சில்லிட வைத்தது. "உட்காருங்கள்! எல்லோரும் உட்காருங்கள்!" என்று படகுப் பணியாளர் உரத்த குரலில் அதட்டினார். அனைவரும் அமர்ந்தோம். பிறகு படகோட்டி செய்த செயல்தான் என் உள்ளத்தில் பதிந்துவிட்டது. விசையைக் குறைத்துப் படகை மெல்லத் திருப்பினார். முதலில் இடப்பக்கத்தார் பார்த்தார்கள். அடுத்து வலப்பக்கத்தார் பார்த்தார்கள். எவரும் இருக்கையை விட்டு எழவில்லை. எவருக்கும் காட்சி தவறவில்லை. நாங்கள் பொறுத்திருக்க வேண்டியது இரண்டு நிமிடங்களே.

அந்தப் பணியாளரின் அதட்டலுக்குப் பின்னே ஒரு பெருந்துயரம் இருக்கின்றது. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, இதே ஏரியில், 'ஜலகன்யகா' என்னும் இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் உயிரிழந்தனர். நம் மாநிலத்தவரும், விடுமுறைக்காக வட இந்தியாவிலிருந்து வந்திருந்த குடும்பத்தினரும் அவர்களுள் இருந்தனர். அந்தப் படகு சேவைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஏற்றத்தக்க அளவுக்கு மேல் ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். உயிர்காப்புச் சட்டையை அவர்கள் அணிந்திருக்கவில்லை. கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் கூறினார்கள்.

நிறைந்த படகு ஏன் கவிழ்கின்றது? நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துப் பாருங்கள். அதன் எடையெல்லாம் அடியில் இருப்பதால், எப்படித் தள்ளினாலும் அது மீண்டும் நிமிர்ந்துவிடும். அதன் தலையில் ஈயக்குண்டைக் கட்டித் தள்ளினால் விழுந்தே கிடக்கும். படகும் அப்படித்தான். எடை கீழே, நடுவே, பரவலாக இருக்கும் வரை, அலையில் சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். ஆட்கள் மேல்தளத்தில் கூடக் கூட, ஒருபக்கம் நகர நகர, நிமிரும் ஆற்றல் குறைகின்றது. ஓர் எல்லையைக் கடந்துவிட்டால் எந்தப் படகோட்டியாலும் அதைத் தடுக்க இயலாது.

இத்தகைய துயரம் தேக்கடியோடு முடிந்துவிடவில்லை. 2014ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், அந்தமானில் போர்ட் பிளேர் அருகே, தீவுகளைச் சுற்றிக் காட்டும் படகு ஒன்று மூழ்கிப் பலர் மாண்டனர். காஞ்சிபுரத்திலிருந்து சென்ற நம்மவர்களும் அவர்களுள் அடக்கம். 2023ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் 22 பேர் இறந்தனர், குழந்தைகள் பலர். அந்தப் படகுகளிலும் ஏறியிருந்தவர்கள் அளவுக்கு மிஞ்சியவர்களே. "இன்னும் ஒருவர்தானே, ஏறிக்கொள்ளட்டும்" என்னும் ஒரு சொல் எத்தனை வீடுகளை இருளச் செய்துவிட்டது!

திரும்பும் வழியில் இவற்றையெல்லாம் வேனில் எடுத்துரைத்தேன். நல்ல பாடம் புகட்டிவிட்டதாக மனத்துக்குள் ஒரு நிறைவு. அப்போது பின் இருக்கையிலிருந்த ஓர் அம்மாள் பேசினார். அவர் நாள்தோறும் விடியலில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கச் செல்பவர். "சாமி, படகுத்துறையில் எண்ணி எண்ணி ஏற்றினார்களே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. எங்கள் ஜீப்பில் ஒருநாளாவது யாராவது எங்களை எண்ணியிருக்கிறார்களா?" என்று கேட்டார்.

வேனில் பேச்சு நின்றுவிட்டது. எனக்கும் மறுமொழி இல்லை.

நம் ஊரில் இதை அறியாதவர் யார்? விடியற்காலை இருட்டில் தெருமுனையில் ஜீப் வந்து நிற்கும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்வார்கள். பின்புறப் படியில் சிலர் தொங்குவார்கள். சோற்று வாளிகள் மடியில் இருக்கும். மலைப்பாதையின் வளைவுகளில் அந்த ஜீப் திரும்பும்போது, படகு சாய்வதற்குக் கூறிய அதே காரணம் அங்கேயும் நிற்கின்றது. வேறுபாடு ஒன்றே: படகுக்குக் கீழே நீர், ஜீப்புக்குக் கீழே பள்ளம். தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் கவிழ்ந்த செய்தியை நாம் கேட்காதவர்களும் அல்லர். அடக்கச் சடங்கில் நில்லாதவர்களும் அல்லர்.

யாரைக் குறை கூறுவது? ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கூலி பெறும் ஓட்டுநர், இடம் இருக்கும் வரை ஏற்றுகிறார். குறித்த நேரத்தில் ஆட்கள் வரவேண்டும் என்று தோட்டத்தார் பார்க்கிறார்கள். அடுத்த ஜீப்புக்காகக் காத்திருந்தால் அன்றைய கூலி போய்விடும் என்று பெண்கள் அஞ்சுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. ஒவ்வொருவரும் அவரவர் ஆதாயத்தின் பக்கம் சாய்கிறார்கள். வண்டி தாங்குகிறதா என்று பார்ப்பவர்தாம் எவரும் இல்லை.

நானும் குற்றமற்றவன் அல்லேன். சில ஆண்டுகளுக்கு முன், மலைமேல் சிற்றாலயத் திருவிழாவுக்கு இதே பாடற்குழுப் பிள்ளைகளை ஒரே ஜீப்பில் அடைத்து அனுப்பியவன் நான். "இரண்டு வண்டி எடுத்தால் செலவு கூடும்" என்று சொன்னதும் நானே. அன்று ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேராததை என்னுடைய சாமர்த்தியம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பிய மறு வாரம், தோட்டத்துக்குச் செல்லும் தாய்மார்கள் சிலர் கோவில் திண்ணையில் கூடினார்கள். ஓட்டுநர்கள் இருவரையும் கங்காணி ஒருவரையும் அழைத்திருந்தோம். சச்சரவு இல்லாமல் பேச்சு நடந்ததென்று சொல்லமாட்டேன். முடிவில் ஓர் ஓட்டுநர், படியில் எவரையும் தொங்கவிடாமல், எண்ணித்தான் ஏற்றுவேன் என்று ஒப்புக்கொண்டார். அதற்காகப் பெண்கள் ஆளுக்குச் சிறிது கூடுதலாகக் கொடுக்க இசைந்தார்கள். மற்றொருவர் "எனக்குக் கட்டுப்படியாகாது" என்று எழுந்து சென்றுவிட்டார். கங்காணி, தோட்டத்தாரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை நடந்தது இவ்வளவே. இதைப் பெரிய வெற்றி என்று கூற எனக்கு வாய் வரவில்லை. ஆயினும், ஒரு ஜீப்பாவது நாள்தோறும் எண்ணப்பட்டு மலையேறுகின்றது.

உங்களிடம் நான் வேண்டுவது சிறிதே. கோடையில் குடும்பத்தோடு தேக்கடிக்கோ, கன்னியாகுமரிக்கோ, வேறு எங்கோ சென்று படகேறுவீர்கள். உயிர்காப்புச் சட்டையைக் கேட்டு வாங்கி, குழந்தைகளுக்கு அவர்கள் அளவுக்கு ஏற்றதை மாட்டி, கொக்கியை நீங்களே சரிபாருங்கள். படகு நிறைந்துவிட்டதாகத் தோன்றினால் இறங்கிவிடுங்கள். சீட்டுப் பணம் போனால் போகட்டும். யானையே வந்தாலும் இருக்கையை விட்டு எழாதீர்கள். நம் முறை வரும்.

வீடு திரும்பிய பிறகு, விடியலில் உங்கள் மனைவியோ மகளோ ஜீப்பில் ஏறும் தெருமுனைக்கு ஒருநாள் நீங்களும் செல்லுங்கள். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை ஓட்டுநர் காதில் விழும்படி ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள்.