அனுபவிச்சு எழுதணுமாம்!

'ரசிச்சு எழுதுங்க, அனுபவிச்சு எழுதுங்க' என்று மேடைக்கு மேடை உபதேசம். அதை நம்பி நோட்டைத் திறக்கிறீர்கள். நாலு வரி எழுதி மூன்றை அடிக்கிறீர்கள். தலைவலிதான் மிச்சம். 'சந்தோஷமே வரலியே, அப்ப நமக்கு எழுத்து வராது' என்று மூடிவிடுகிறீர்கள்.

ஐயா, அந்த உபதேசம் சுத்தப் பொய்!

1946-ல் ஜார்ஜ் ஆர்வெல், தான் ஏன் எழுதுகிறேன் என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன முதல் காரணம் என்ன தெரியுமா? சுயமோகம்! நாலு பேர் நம்மைப் பற்றிப் பேச வேண்டுமே என்கிற ஆசை. அழகுணர்ச்சி, சரித்திரம், அரசியல் எல்லாம் அதற்கப்புறம்தான். புத்தகம் எழுதுவதை நீண்ட நோயோடு ஒப்பிட்டார் மனுஷன். ஆனாலும் காசநோயோடு போராடியபடியே '1984' நாவலை எழுதி முடித்தார்.

சரி, சந்தோஷம் இல்லை, லாபமாவது உண்டா? காமர்ஸ் படித்த எனக்கு சி.சு.செல்லப்பாவின் கணக்கு இன்றுவரை டேலி ஆகவில்லை. 1959-ல் 'எழுத்து' பத்திரிகை ஆரம்பித்தார். புத்தகங்களைத் தானே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார். 1998-ல் இறந்தார். 'சுதந்திர தாக'த்துக்கு சாகித்ய அகாதமி விருது வந்தது 2001-ல்!

பின்னே ஏன் எழுதணும்? சொல்லாவிட்டால் தூக்கம் வராது என்று ஒரு விஷயம் உள்ளே அரிக்கிறதே, அதற்காக. சந்தோஷம்? ஒரு வாக்கியம் சரியாக உட்காரும்போது அரை நிமிஷம் எட்டிப் பார்க்கும். அதுதான் சம்பளம்.

கட்டுப்படியாகாதா? வாசகராகவே இருங்கள். அதுவும் கௌரவமான உத்தியோகம்தான்!