விலை குறைந்த விளையாட்டுப் பெட்டி: எதைக் குறைத்திருக்கிறார்கள்?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரப்போகிற சித்தியோ மாமாவோ போன் எடுத்து, "பிள்ளைக்கு என்ன வாங்கிக்கொண்டு வர?" என்று கேட்டால், முன்பெல்லாம் சப்பாத்து, உடுப்பு என்று பதில் போகும். இப்போது பத்து வயதுப் பிள்ளை போனைப் பறித்து "எக்ஸ்பொக்ஸ்" என்கிறது. அம்மாவுக்கு அது என்னவென்று முழுதாகத் தெரியாது. பல வேளைகளில் வாங்கப் போகிறவருக்கும் தெரியாது. கடையில் விலை கூடிய பெட்டி ஒன்றும் குறைந்த பெட்டி ஒன்றும் இருக்கும். அவர் குறைந்ததைக் கொண்டுவந்து தந்துவிடுவார். அந்தக் குறைந்த விலைப் பெட்டியைப் பற்றித்தான் இம்மாதம் பார்க்கப்போகிறோம்.

இது ரீவியோடு பொருத்தி, கையில் பிடிக்கும் கொன்ரோலரால் விளையாடுகிற பெட்டி. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2020 நவம்பர் 10ஆம் திகதி இரண்டு பெட்டிகளை ஒன்றாக வெளியிட்டது. பெரியது எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ், 499 டொலர். சிறியது சீரிஸ் எஸ், 299 டொலர். சிறியது இரண்டு கிலோவுக்கும் சற்றுக் குறைந்த எடைதான். பயணப் பையில் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்துவிடலாம். அந்தத் தலைமுறைக்கென்று வந்த புது விளையாட்டுகள் இரண்டிலும் ஓடும். அப்படியானால் 200 டொலரை எங்கே மிச்சம் பிடித்தார்கள்?

முதலாவது, படத்தின் தெளிவில். படத்தை வரைந்து காட்டும் சக்தி சிறியதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. தற்காலிக நினைவகம் 16 ஜீ.பி.க்குப் பதில் 10 ஜீ.பி. பெரியது 4கே என்று சொல்லப்படும் மிகத் தெளிவான படத்துக்காகச் செய்யப்பட்டது. சிறியது அதற்குக் கீழ்ப்பட்ட தெளிவுக்குச் செய்யப்பட்டது. வெளிநாட்டுச் சஞ்சிகைகள் இந்தக் குறையைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதின. எங்கள் வீடுகளில் உள்ள 32 அங்குல ரீவிகளில் பெரும்பாலானவை 4கே அல்ல. அந்த ரீவியில் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் போட்டாலும் பிள்ளை பெரிதாக வித்தியாசம் கண்டுபிடிக்காது. ஆகவே இந்தக் குறையை நாங்கள் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

எப்போதாவது அது விளையாட்டையே தொடுவதுண்டு. 'போல்டர்ஸ் கேட் 3' என்ற பெரியவர்களுக்கான விளையாட்டு, மற்ற இயந்திரங்களுக்கு 2023 ஓகஸ்ற், செப்ரெம்பரில் வந்தும் எக்ஸ்பொக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் பக்கத்தில் இருந்து விளையாடும் வசதியைச் சிறிய பெட்டி தாங்கவில்லை. அந்த வசதி இல்லாமலே அதில் வெளியிட்டு, 2025இல்தான் சேர்த்தார்கள். ஒரு பெட்டியை இரண்டு மூன்று பிள்ளைகள் பங்கிடும் வீடுகள் இதை நினைவில் வைக்கலாம்.

இரண்டாவது குறைதான் எங்களுக்குப் பெரியது. சிறிய பெட்டியில் டிஸ்க் போடும் வாசல் இல்லை. கடையில் டிஸ்க் வாங்கிப் போட்டு விளையாட முடியாது. ஒவ்வொரு விளையாட்டையும் இன்ரநெற் வழியாக இறக்க வேண்டும். பெட்டியை முதன்முதல் இயக்கி வைப்பதற்கே இன்ரநெற் வேண்டும். நடுத்தரமான ஒரு விளையாட்டு 40, 50 ஜீ.பி. வரும். பெரியவை 100 ஜீ.பி.யைத் தாண்டும். போனுக்கு மாதம் 30 ஜீ.பி. டேற்றா போட்டு, அதிலேயே பிள்ளைகளின் படிப்பையும் வெளிநாட்டுக் கதைகளையும் ஓட்டுகிற வீட்டில் ஒரு விளையாட்டை இறக்க இரண்டு மாத டேற்றா போய்விடும். இறக்கிய பின்னும் திருத்தங்கள் என்று அடிக்கடி கேட்டுக்கொண்டே இருக்கும். 'மைன்கிராப்ற்' போன்ற ஒன்றிரண்டு ஜீ.பி.க்குள் அடங்கும் விளையாட்டுகளும் உண்டு. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டுக் கேட்பவை அநேகமாகப் பெரியவைதான்.

டிஸ்க் இல்லாததில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. டிஸ்க் என்றால் விளையாடி முடித்ததும் சிநேகிதனோடு மாற்றிக்கொள்ளலாம், பாதி விலைக்கு விற்கலாம், பாவித்ததை வாங்கலாம். காசு குறைந்த வீடுகளுக்கு எந்த ஊரிலும் இதுதான் வழி. இன்ரநெற் கடையில் வாங்கிய விளையாட்டை மாற்றவோ விற்கவோ முடியாது. விலையையும் அந்த ஒரே கடைதான் சொல்லும். பெட்டியை மலிவாகத் தந்துவிட்டு அந்தக் கடையின் வாடிக்கையாளராக எங்களை வைத்துக்கொள்கிறார்கள். சோனி நிறுவனமும் அதே நவம்பரில் டிஸ்க் இல்லாத பிளேஸ்ரேசன் 5ஐ 100 டொலர் குறைத்து விற்றது. அதில் டிஸ்க் வாசலை மட்டுமே எடுத்தார்கள், உள்ளே உள்ள சக்தியைக் குறைக்கவில்லை.

இனி மாதக் கட்டணத் திட்டம். கேம் பாஸ் என்பதற்குக் காசு கட்டினால் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் கிடைக்கும். கட்டுவதை நிறுத்தினால் அவற்றை விளையாட முடியாது. இதன் மிகக் கூடிய திட்டம் 2025 ஒக்டோபரில் மாதம் 20 டொலரிலிருந்து 30 டொலராக ஏறியது. பெட்டியோடு மூன்று மாதம் கட்டித் தருகிறேன் என்று உறவினர் சொன்னால், நாலாம் மாதம் யார் கட்டுவது என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது. வெட்கப்பட வேண்டியதில்லை.

"மலிவு" என்ற சொல்லையும் ஒருமுறை நிறுத்துப் பார்க்கவேண்டும். 2020 நவம்பரில் ஒரு டொலர் 185 ரூபா அளவில் இருந்தது; 299 டொலர் என்பது ஏறக்குறைய 55,000 ரூபா. 2025இல் இந்தப் பெட்டியின் விலையை அமெரிக்காவில் இரண்டு முறை கூட்டினார்கள், மே மாதம் 380 டொலர், ஒக்டோபரில் 400 டொலர். 2022 நெருக்கடிக்குப் பின் எங்கள் ரூபாவும் விழுந்து, டொலர் 300 ரூபாவுக்கு மேல் போய்விட்டது. அதே பெட்டி இன்றைய கணக்கில் 120,000 ரூபாவைத் தாண்டும். இந்தக் காசை வேறெதற்காவது செலவழிக்கலாமே என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைக்கு விளையாட்டு வேண்டும் என்பதும் ஒரு தேவைதான். மகன் சந்தியில் நிற்காமல் கண்முன்னே இருக்கிறான் என்ற ஆறுதலுக்கும் ஒரு விலை உண்டு.

வீட்டில் நிலையான, அளவு பார்க்கத் தேவையில்லாத இன்ரநெற் இணைப்பு இருந்தால் சீரிஸ் எஸ் நல்ல பெட்டி. வேகமானது, சத்தமில்லாதது, பழைய எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுகள் பலவற்றையும் ஓட்டும். விளையாடும்போது ஒரு சீலிங் பான் அளவு மின்சாரம்தான் எடுக்கும். போன் டேற்றா மட்டும் உள்ள வீடென்றால், டிஸ்க் போடும் பாவித்த பிளேஸ்ரேசன் 4ஐக் கேளுங்கள். 2013இல் வந்த பழைய இயந்திரம்தான். ஆனால் டிஸ்க்கைப் போட்டால் பெரும்பாலான விளையாட்டுகள் இன்ரநெற் இல்லாமலே ஓடும்.

வாங்க முன் ரீவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. வாசல் இல்லாத பழைய பெட்டி ரீவியில் இதைப் பொருத்த முடியாது. கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. பெட்டியில் 100-240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று வாங்குபவரையே பார்க்கச் சொல்லுங்கள். கொன்ரோலர் ஒன்றுதான் உள்ளே வரும். அதற்கு இரண்டு சின்னப் பற்றரி போடவேண்டும். சார்ஜ் ஏற்றும் பற்றரி இல்லாவிட்டால் அந்தச் செலவு தனி. இரண்டாவது கொன்ரோலர் 60 டொலருக்கு மேல். தம்பிக்கென்று வந்த பெட்டியில் அக்காவுக்கும் முறை வேண்டுமென்றால் அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காசு பறிபோகும் இடம் விளையாட்டுக்கு உள்ளேயும் இருக்கிறது. 'போர்ட்நைட்' இலவசம். உள்ளே ஆடை, நடனம் என்று விற்பார்கள். பிள்ளைகள் பெற்றோர் அறியாமல் ஒரு பொத்தானை அழுத்தி வாங்கியது உட்பட்ட குற்றச்சாட்டுகளுக்காக, அதன் சொந்தக்கார நிறுவனமான எபிக் கேம்ஸ் 2022இல் அமெரிக்க அரச ஆணைக்குழுவோடு செய்த இணக்கத்தில் 245 மில்லியன் டொலரைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. பெற்றோரின் அனுமதியில்லாமல் சிறுவர்களின் விபரங்களைச் சேகரித்ததற்காக மைக்ரோசொப்ற் 2023இல் 20 மில்லியன் டொலர் கட்ட இணங்கியது. ஆகவே பிள்ளையின் கணக்கை உண்மையான பிறந்த திகதியோடு, சிறுவர் கணக்காகவே திறக்கச் சொல்லுங்கள். உறவினரின் வங்கி அட்டை இலக்கத்தைப் பெட்டியில் பதிந்து வைக்க வேண்டாம். நேர எல்லை, வயது எல்லை, முன்பின் தெரியாதவர்களோடு பேசுவதைத் தடுப்பது எல்லாவற்றையும் உங்கள் போனிலிருந்தே செய்ய ஒரு செயலி உண்டு. அதை உங்கள் கையில் போட்டுக் காட்டித்தரச் சொல்லுங்கள். மகனின் கையில் அல்ல.

பிள்ளைகள் கேட்கிற விளையாட்டுகளில் பாதி துப்பாக்கிதான். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அந்தச் சத்தம் ரீவியிலிருந்து வருகிற சத்தம் மட்டுமே. அடுத்த அறையில் இருக்கிற அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் அப்படியல்ல. பிள்ளையைக் குற்றவாளியாக்கத் தேவையில்லை. "எனக்கு இந்தச் சத்தம் ஏலாது" என்று சொன்னால் போதும், பிள்ளைகளுக்கு விளங்கும். பந்தாட்டம், கார் ஓட்டம், கட்டடம் கட்டுவது என்று வேறு விளையாட்டுகளும் நிறைய உண்டு. துப்பாக்கி விளையாட்டுத்தான் வேண்டுமென்று நின்றால், கொன்ரோலரின் கீழ்ப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. சாதாரண போன் ஹெட்செற்றை அதில் செருகி, ரீவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிடலாம்.