வலசைப் பறவையும் வானலை இரைச்சலும்

சதுரங்கப்பட்டினத்திற்குத் தெற்கே பாலாறு கடலில் கலக்கும் கழிமுகத்தை நாடி, ஆண்டுதோறும் வடபுலத்துக் கரைப்பறவைகள் வருகின்றன. அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல் ஏரிக்கு நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வலசை வருகின்றன. முகில் மூடிய இரவிலும் வலசைப் பறவைகள் பலவற்றுக்குத் திசைகாட்டுவது புவியின் காந்தப்புலம். கைப்பேசிக் கோபுரங்கள் அவ்வுணர்வைக் குலைக்கின்றன என்னும் எண்ணம் தமிழகத்தில் வேரூன்றியுள்ளது. 2018இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றும் அதற்கு உரமிட்டது. மனிதர் எழுப்பும் மின்காந்த அலைகள் பறவையைக் குழப்பக்கூடும் என்பது உண்மையே. பழிதான் இடம் மாறி விழுந்துள்ளது.

செருமனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில், மரக்குடில்களில் வைக்கப்பட்ட ஐரோப்பிய ராபின் பறவைகள் வலசைக் காலத்தில் திசையறியாது தடுமாறின. ஹென்ரிக் மௌரிட்சன் குழுவினர் குடில்களை அலுமினியத் தகடுகளால் மூடி, அவற்றை நிலத்தோடு கம்பியால் இணைத்தனர். பறவைகள் உடனே திசை தேர்ந்தன. இணைப்பைத் துண்டித்ததும் மீண்டும் தடுமாறின. நகருக்கு வெளியே, தகடே இல்லாத குடில்களில் அவற்றுக்குக் குழப்பமில்லை. 2014இல் வெளியான இவ்வாய்வு சுட்டியது, ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரைச்சலை. நடு அலை வானொலியும் மின்னணுக் கருவிகளும் எழுப்பும் இரைச்சல் அது. பழைய வானொலிப் பெட்டியருகே மலிவான மின்னேற்றியைச் செருகினால் எழுகிறதே கரகரப்பு, அதுவும் இவ்வகையினதே! கைப்பேசி அலைகளோ பல நூறு மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்டவை. 235 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகளே பறவையின் காந்த உணர்வைக் கலைக்கவில்லை என 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே, கோபுரத்தை மட்டும் பழித்துவிட்டு வீட்டு மின்கருவியை மறப்பது பறவைக்குச் செய்யும் உதவியாகாது. கூண்டுப் பறவையின் தடுமாற்றத்தை விண்ணில் பறப்பனவற்றின் அழிவாகப் பெருக்கிக் கூறுவதும் முறையன்று. கதிரவனும் விண்மீன்களும் அவற்றுக்குத் துணை நிற்கின்றன.

வேடந்தாங்கல் மக்கள் 1798இல் ஆங்கிலேயரின் வேட்டைத் துப்பாக்கிக்கு எதிராக ஆட்சியர் லயோனல் பிளேசிடம் ஆணை பெற்றவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமென அறிந்திருந்தனர். துப்பாக்கியின் ஓசை செவிக்குக் கேட்டது, இவ்விரைச்சல் கேளாது. கருவிகொண்டே அளக்க வேண்டும். ஏரியைச் சூழ்ந்த ஊர்களின் மின்மோட்டார்கள், எல்இடி விளக்குகள், மின்னேற்றிகள் எழுப்பும் தாழ் அதிர்வெண் இரைச்சலை, பறவைகள் வந்திறங்கும் ஐப்பசிக்கு முன்னும் பின்னும் அளந்து பதிவது முதற்பணி. கோபுரங்களைப் பற்றிய வழக்கு அதன்பின் தொடரட்டும்.