கோடையில் படச்சுருள் கழுவுதல்

விடுமுறையில் ஊர் சென்று பெற்றோரைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமெடுத்து வருவோர் நம்மிடையே இன்றும் உளர். அதை வீட்டிலேயே கழுவ விழைவோர்க்கு ஒரு சொல்.

டெவலப்பருக்கு ஏற்ற வெப்பம் 20 டிகிரி. நாகபுரிக் கோடையிலோ குழாய்நீர் 30 டிகிரியைத் தாண்டும். அச்சூட்டில் உருவம் விரைந்து கருத்துவிடும். பிலிமின் ஜெலட்டின் பூச்சும் இளகும். ஆதலால் டெவலப்பர், ஹைப்போ, அலசும் நீர் ஆகிய மூன்றையும் புட்டிகளோடு பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, ஒரே வெப்பத்திற்குக் கொணர்தல் வேண்டும்.

இறுதியில் நீரைப் பலமுறை மாற்றி அலசுக. தங்கிவிட்ட ஹைப்போ, நாளடைவில் வெள்ளியுருவை மங்கச் செய்து மஞ்சளாக்கும்.

அடுத்த விடுமுறையில் அம்முகங்களை மீண்டும் காண்போம் என்பதற்கு உறுதி ஏது? செவ்வனே அலசிய நெகடிவோ, பேரப்பிள்ளைகள் காலத்திலும் புதுப்படி தரும்.